கிரேக்கர்கள் தங்கள் புராணங்களை நம்பினார்களா? ஏதென்ஸிலிருந்து லைக்கயோன் மலை வரை

முதல் நாள்: ஏதென்ஸ்

அக்ரோபோலிஸ் நுழைவுச் சீட்டில் இப்போது நேரமும் சேர்ந்தே வருகிறது. காலை 8 மணிச் சீட்டுதான் முதலில் தீரும், அதனால் சில நாள் முன்பே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் விலை 30 யூரோ. கோடையில் அனல்காற்று வீசும் நாட்களில் நண்பகலிலிருந்து மாலை 5 வரை தளத்தையே மூடிவிடுவதுண்டு. பிற்பகல் சீட்டு வாங்கியவர்கள் வாசலில் தவித்து நிற்பதற்கு அதுதான் காரணம். பல நூற்றாண்டுகளாக ஆட்கள் நடந்து தேய்ந்த பளிங்கு, மழை பெய்யாவிட்டாலும் வழுக்கும். தேயாத ரப்பர் அடி உள்ள ஷூவாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே ஏறியதும் கூட்டம் பார்த்தினன் பக்கம் திரும்பும். நீங்கள் இடப்பக்கம் எரெக்தியோன் கோயிலுக்குப் போங்கள். அங்கும் பெண் உருவத் தூண்களை விட்டுவிட்டு (அவை நகல்கள்; அசலில் ஐந்து கீழே அருங்காட்சியகத்திலும் ஒன்று லண்டனிலும் இருக்கின்றன) வடக்கு மண்டபத்தின் பக்கம் வந்து நில்லுங்கள். மண்டபத் தரையில் ஒரு பள்ளம் தெரியும், அடியில் பிளந்த பாறை. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பள்ளத்துக்கு நேர்மேலே கூரையிலும் ஒரு திறப்பு. அது இடிந்து விழுந்த ஓட்டை அல்ல, கட்டும்போதே விட்டது. கடல் தெய்வம் பொசைடனும் அதீனாவும் ஊருக்காகப் போட்டியிட்டபோது பொசைடனின் திரிசூலம் இறங்கிய இடம் இது என்பது தலபுராணம். சூலம் இறங்கிய வழி வானத்துக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்று கி.மு. 421-க்கும் 406-க்கும் இடையில் வேலை செய்த கட்டடக்காரர்கள் கூரையைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் அதே ஊரில் சூரியன் தெய்வமல்ல, கனன்று எரியும் கல் என்று தத்துவஞானி அனக்சகோரஸின் கருத்தைச் சொல்லித் திரிந்தவர்களும் இருந்தார்கள்.

நம்பினார்களா இல்லையா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடைக்காததற்கு இதுவே முதல் காரணம். கிரேக்கச் சமயத்துக்கு மறைநூல் இல்லை, விசுவாசப் பிரமாணம் இல்லை. பூசாரி பலி கொடுப்பவர், போதிப்பவர் அல்ல. கதைகள் கவிஞர்கள் கையில் இருந்தன. ஒரே கதையை இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் யாரும் பஞ்சாயத்துக் கூட்டவில்லை. பலியை நிறுத்தினால்தான் பஞ்சாயத்து. கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மீது வந்த வழக்கைப் பாருங்கள். ஊர் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வீக சக்திகளைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்றுதான் குற்றச்சாட்டு. குறிப்பிட்ட ஒரு கதையை மறுத்தார் என்பது அதில் இல்லை.

அதே எரெக்தியோன் வளாகத்தில், அந்தப் போட்டியில் அதீனா கொடுத்த ஆலிவ் மரம் இருந்தது. இப்போது நிற்பது நவீன காலத்தில் நட்டது. கி.மு. 480-இல் பாரசீகர்கள் கோயிலோடு மரத்தையும் எரித்தார்கள். மறுநாள் அடிமரத்தில் ஒரு முழம் தளிர் விட்டிருந்தது என்று அடுத்த தலைமுறை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்து ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் பதிவு செய்த பவுசானியஸ் எழுதும்போது, அது எரிந்த அன்றே துளிர்த்தது, இரண்டு முழம். புராணம் வளரும் வேகத்தை முழக்கணக்கிலேயே காட்டும் சான்று இதைவிட வேறு கிடைப்பது கடினம்.

தெற்குச் சரிவில் இறங்கினால் அதே சீட்டில் மதுவுக்கும் நாடகத்துக்கும் தெய்வமான டயோனிசஸின் அரங்கம். முன்வரிசை நடுவில் கல்வெட்டோடு இருக்கும் பளிங்கு நாற்காலி டயோனிசஸ் பூசாரிக்கு உரியது. இப்போதைய நாற்காலி பிற்காலத்தது, ஆனால் முன்வரிசை மரியாதை பழையது. கி.மு. 405-இல் அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' நாடகத்தில் டயோனிசஸ் பயந்து நடுங்கி, பார்வையாளர் வரிசையில் இருக்கும் தன் பூசாரியையே பார்த்து "என்னைக் காப்பாற்று" என்று கத்துகிறது. தெய்வத்துக்கு எடுத்த விழாவிலேயே தெய்வத்தைக் கோமாளியாக்கி, அதற்கு முதல் பரிசும் கொடுத்தார்கள். இதைப் பார்த்து அவர்கள் நாத்திகர்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். கி.மு. 415 வாக்கில் மேலோஸ் ஊர் டயகோரஸ், பக்கத்து ஊர் எலூசிஸின் மறைவழிபாட்டைக் கேலி செய்தபோது, அவரைக் கொல்பவருக்கு ஒரு தாலந்து வெள்ளி என்று அறிவித்ததும் இதே ஏதென்ஸ்தான்.

மாலையில் இலிசோஸ். பயண நிறுவனங்கள் யாரையும் கூட்டிப்போகாத இடம். அக்ரோபோலி மெட்ரோவிலிருந்து ஒலிம்பிய ஜீயஸ் கோயிலைச் சுற்றிக்கொண்டு அயியா ஃபோதினி தேவாலயத்துக்கு 15 நிமிட நடை. ஆற்றின் பெரும்பகுதியைச் சாலைக்கு அடியில் மூடிவிட்டார்கள், தேவாலயத்தை ஒட்டி ஒரு துண்டுப் படுகை மட்டும் பாறையும் புதருமாக மிஞ்சியிருக்கிறது. பாறையில் பான் தெய்வத்தின் தேய்ந்த உருவம் உண்டு, சாய்ந்த வெயிலில்தான் கண்ணுக்குப் படும். மழைக்குப் பின் சேறு.

பிளேட்டோ எழுதிய உரையாடலில் பைட்ரஸ் என்ற இளைஞன் இந்த ஆற்றங்கரையில் சாக்ரடீஸிடம் நேராகவே கேட்டுவிடுகிறான்: வடகாற்றுத் தெய்வம் போரியாஸ் அரசகுமாரி ஓரிதியாவைத் தூக்கிப்போனது இங்கேதானே, அந்தக் கதை உண்மை என்று நம்புகிறீர்களா? சாக்ரடீஸ் முதலில் இடத்தைத் திருத்துகிறார்: இங்கே இல்லை, இன்னும் இரண்டு மூன்று ஸ்டேடியம் (நம் கணக்கில் 350 முதல் 550 மீட்டர்) கீழே, அங்கே போரியாஸின் பலிபீடம் இருக்கிறது. பிறகு விடை. காற்று தள்ளிப் பாறையிலிருந்து விழுந்து இறந்தாள், அதைத் தெய்வம் தூக்கிப்போனதாகச் சொல்லிவிட்டார்கள் என்று அறிவாளிகளைப்போல் விளக்கலாம். ஆனால் ஒன்றை விளக்கினால் அடுத்து குதிரை மனிதர்கள், கைமேரா, கோர்கன், பெகாசஸ் என்று படையே வரும். எனக்கு அதற்கு நேரமில்லை, நான் யார் என்பதே எனக்கு இன்னும் தெரியவில்லை என்கிறார்.

பலிபீடம் அங்கே வந்த கதையை ஹெரோடோட்டஸ் சொல்கிறார். பாரசீகப் படையெடுப்பின்போது மருமகனைத் துணைக்குக் கூப்பிடு என்று அருள்வாக்கு வந்தது. ஓரிதியா ஏதென்ஸ் பெண், ஆகவே மருமகன் போரியாஸ்தான் என்று ஊரார் கூடிப் பலி கொடுத்தார்கள். புயல் அடித்தது. குறைந்த கணக்கிலும் 400 கப்பல்கள் நாசம். இதனால்தான் போரியாஸ் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது என்கிறார் ஹெரோடோட்டஸ். எதிர்த்தரப்பில் பாரசீகப் பூசாரிகள் மந்திரம் ஓதி நான்காம் நாள் புயலை நிறுத்தினார்கள், "அல்லது அது தானாகவே நின்றது" என்று ஒரு வரி சேர்க்கிறார். ஊர் நம்பியது, கோயில் கட்டியது. எழுதியவர் கை கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாம் நாள்: லிவாடியா, பனோபியஸ், கைரோனியா

இன்றிலிருந்து வாடகைக் கார். இந்திய, இலங்கை உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதைச் சொந்த நாட்டில்தான் தருவார்கள், ஏதென்ஸ் வந்து தேடினால் கிடைக்காது. லிவாடியாவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பேருந்திலும் வரலாம், ஆனால் மற்ற இரண்டு இடங்களுக்குக் காரில்லாமல் போய்வருவது சிரமம்.

லிவாடியா ஊருக்குள் ஹெர்கினா ஆற்றின் ஊற்றுகள், மேலே கோட்டை, பாறையில் குடைந்த மாடங்கள். இங்கே ட்ரோஃபோனியஸ் என்ற வீரன் பூமிக்குள் இருந்து அருள்வாக்கு சொன்னான். வாக்குக் கேட்க இறங்கும் குழி எங்கே இருந்தது என்று இன்னும் உறுதியாகவில்லை. ஊரில் 'இதுதான்' என்று காட்டும் மாடத்தின் அளவு பவுசானியஸ் தரும் அளவோடு ஒத்துப்போகாது. அவர் கேட்டு எழுதவில்லை, தானே இறங்கிப் பார்த்ததாகச் சொல்கிறார்.

முதலில் நல்ல தெய்வத்துக்கும் நல்லூழுக்கும் உரிய வீட்டில் சில நாள் தங்க வேண்டும். வெந்நீர் கூடாது, குளியல் ஆற்றில்தான். பல தெய்வங்களுக்குப் பலி. ஒவ்வொரு பலியிலும் குறி சொல்பவர் குடலைப் பார்ப்பார். ஆனால் கடைசி இரவு குழியருகே வெட்டும் ஆட்டுக்கடாவின் குடல்தான் முடிவு செய்யும்; அது சரியில்லை என்றால் முந்தைய நல்ல குறிகள் அத்தனையும் வீண். அன்றிரவே பதின்மூன்று வயதுப் பையன்கள் இருவர் ஆற்றுக்கு அழைத்துப்போய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். பிறகு இரண்டு ஊற்றுநீர்: மறதி நீர், இதுவரை நினைத்ததை மறக்க, நினைவு நீர், கீழே காண்பதை மறக்காமலிருக்க. லினன் சட்டை, நாடா, உள்ளூர்ப் பூட்ஸ்.

குழி மேலே வெண்பளிங்கு வட்டமேடை, இரண்டு முழத்துக்கும் குறைந்த உயரம், சுற்றிலும் வெண்கல வேலி. உள்ளே ரொட்டி சுடும் அடுப்பின் வடிவில் கட்டிய குழி: அகலம் நான்கு முழம், ஆழம் எட்டு முழத்துக்கு மேல் இல்லை. படிக்கட்டு கிடையாது, ஒல்லியான ஏணி ஒன்றை இறக்குவார்கள். அடியில் பக்கவாட்டில் இரண்டு சாண் அகலம், ஒரு சாண் உயரத்துக்கு ஓர் இடுக்கு. மல்லாந்து படுத்து, கையில் தேன் பிசைந்த பார்லி அப்பங்களைப் பிடித்துக்கொண்டு, கால்களை முதலில் விட வேண்டும். முழங்கால் நுழைந்ததும், பெருவெள்ளச் சுழலில் சிக்கியதுபோல் உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பி வருவதும் கால் முன்னே. வெளியே வந்தவரை நினைவின் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பார்கள். பயத்தில் தன்னையும் தெரியாது, பக்கத்தில் இருப்பவரையும் தெரியாது; சிரிப்பு பிறகுதான் திரும்பும். பார்த்ததைப் பலகையில் எழுதி வைப்பது கட்டாயம்.

இப்படி இறங்கியவரிடம் போய் 'ட்ரோஃபோனியஸ் நிஜமா?' என்று கேட்டால் என்ன சொல்வார்? அவனுடைய தகப்பன் எர்கினஸ் என்ற மனிதனா, அப்போலோ தெய்வமா என்பதில் இரண்டு கதைகள் இருந்தன. பவுசானியஸ் இரண்டையும் சொல்லி, தான் அப்போலோ பக்கம் என்கிறார். அங்கே போய்க் குறி கேட்ட எவரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்றும் சேர்க்கிறார். குழிக்குள் போய்வந்த அனுபவம் கதைக்குச் சாட்சி ஆகிறது. கதை அனுபவத்துக்கு அல்ல.

லிவாடியாவிலிருந்து வடக்கே கைரோனியா, அதற்கு மேற்கே அயியோஸ் விளாசியோஸ் கிராமத்தின் மேல் பனோபியஸ் கோட்டைச் சுவர்கள். நிழல் இல்லை, குடிநீரைக் கிராமத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இங்கே ஓடைப் பக்கம் வண்டிக்கு ஒன்றாக ஏற்றும் அளவில் இரண்டு கற்கள் கிடந்ததாகவும், களிமண் நிறத்தில் இருந்ததாகவும், மனிதத் தோல்போலவே வாசனை அடித்ததாகவும் பவுசானியஸ் எழுதினார். புரோமிதியஸ் மனிதரைப் பிசைந்தபோது மிஞ்சிய மண் என்று சொன்னார்களாம். மோந்து பார்த்ததைப் போலத்தான் எழுதுகிறார். சிரித்ததற்கு அடையாளம் இல்லை.

கைரோனியாவில் கல் சிங்கம் சாலையோரத்திலேயே இருக்கிறது. கி.மு. 338 போரில் செத்தவர்களுக்கு வைத்தது, அடியில் 254 எலும்புக்கூடுகள் கிடைத்தன. நம் கேள்விக்கு இந்த ஊர் கொடுப்பது வேறொன்று. இங்கே எல்லாத் தெய்வங்களையும்விட மேலாக ஒரு கோலை வணங்கினார்கள். கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் செய்து தெய்வங்களின் தலைவன் ஜீயஸுக்குக் கொடுத்து, கை மாறி டிராய்ப் போரின் கிரேக்கத் தலைவன் அகமெம்னானிடம் வந்ததாக ஹோமர் பாடும் அதே செங்கோல். பனோபியஸ் எல்லையில் பொன்னோடு கிடைத்ததாம். பொன்னைப் பனோபியஸ் பக்கத்து ஃபோக்கிஸ்காரர்கள் எடுத்துக்கொள்ள, கோல் போதும் என்றது கைரோனியா. கோயில் இல்லை. அந்த ஆண்டுப் பூசாரியின் வீட்டில் இருக்கும். தினமும் பலி, பக்கத்தில் மேசை நிறைய இறைச்சியும் பணியாரங்களும்.

இதைக் கண்மூடி ஏற்றார் என்று பவுசானியஸைத் தள்ளிவிட முடியாது. ஹெஃபைஸ்டஸ் செய்ததாகச் சொல்லும் மற்ற பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழிக்கிறார். லைசியாவின் பட்டாராவில் ஒரு வெண்கலக் கிண்ணம்: வெண்கலத்தை முதலில் உருக்கி வார்த்தவர்கள் சாமோஸ்காரர்கள், ஆகவே பொய். பத்ராஸில் ஒரு பெட்டி: யார் கண்ணிலும் காட்டுவதில்லை. சைப்ரஸில் ஒரு கழுத்தணி: ஹோமர் பொன் என்று மட்டும் சொல்ல, இதில் பச்சைக் கற்கள் இருக்கின்றன, ஆகவே வேறு. மிஞ்சியது கைரோனியாக் கோல் ஒன்றுதான் உண்மை. உலோக வரலாறு, நேரில் காணல், பாடல் ஒப்பீடு என்று மூன்று சோதனைகள் வைக்கிற மனிதர், தெய்வம் பட்டறையில் உட்கார்ந்து கோல் செய்ததா என்று மட்டும் கேட்கவே இல்லை. கிரேக்க நம்பிக்கையின் எல்லைக்கோடு எங்கே ஓடியது என்பதற்கு இந்தப் பத்திதான் என் முதல் சாட்சி.

மூன்றாம் நாள்: டெல்ஃபி

அப்போலோ அருள்வாக்கு சொன்ன தலம். சாலை அழகானது, தளம் செங்குத்து. அரங்கத்துக்கு மேலே ஓட்டப் பந்தய மைதானம் வரை ஏறுவதாக இருந்தால் காலையிலேயே ஏறிவிட்டு, வெயிலில் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள்.

ஜீயஸ் பூமியின் இரு முனைகளிலிருந்து இரண்டு கழுகுகளைப் பறக்கவிட, அவை சந்தித்த இடம் பூமியின் தொப்புள். அதைக் குறிக்கும் பளிங்குக் கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தளத்தில் இருந்த இன்னொரு கல்லை, ஜீயஸின் தகப்பன் குரோனஸ் தன் பிள்ளை என்று நினைத்து விழுங்கிக் கக்கிய கல் என்றார்கள். தினமும் எண்ணெய்க் காப்பு, திருவிழாக்களில் நூற்காத கம்பளி சாத்துவார்கள். அந்தக் கல் இப்போது இல்லை.

டெல்ஃபியில் பல ஆண்டுகள் பூசாரியாகவே இருந்த புளூட்டார்க் தன் உரையாடல் ஒன்றைக் கழுகுக் கதையோடுதான் தொடங்குகிறார். கதை சரியா என்று எபிமெனிடீஸ் என்பவர் தெய்வத்திடமே கேட்டாராம். பிடிகொடுக்காத பதில்தான் கிடைத்தது. கிடைத்தது சரிதான், பழங்கதையை ஓவியத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோலச் சோதிக்கப் பார்த்தார் என்கிறார் புளூட்டார்க். கதையை நம்பச் சொல்லவும் இல்லை, தள்ளச் சொல்லவும் இல்லை. கோயிலில் வேலை பார்த்தவரின் நிதானம் அது.

நான்காம் நாள்: மைசீனே, எபிடவ்ரோஸ்

டெல்ஃபியிலிருந்து கொரிந்து வழியாக இறங்க நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. விடியலில் கிளம்புங்கள். வழியில் அகமெம்னானின் ஊர் மைசீனே.

சந்தேகப் பேர்வழி என்று பேரெடுத்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அகமெம்னானையோ டிராய்ப் போரையோ மறுக்கவில்லை. மைசீனே சின்ன ஊராக இருப்பதை வைத்துப் படையைக் குறைத்து எடைபோடாதீர்கள், ஸ்பார்ட்டா நாளை பாழாகிக் கோயில் அடித்தளங்கள் மட்டும் மிஞ்சினால் அதன் வலிமையையும் யாரும் நம்பமாட்டார்கள் என்கிறார். பிறகு கணக்கு. கப்பல்கள் 1,200. பெரிய கப்பலில் 120 பேர், சின்னதில் 50 பேர் என்று ஹோமரே சொல்கிறார். சராசரி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் துசிடிடீஸ், பெருக்கிப் பார்த்தால் 85 வீதம் 1,02,000. கிரேக்கம் முழுவதும் சேர்ந்து அனுப்பியதற்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல, காரணம் ஆள் குறைவல்ல, பணக் குறைவு என்று முடிக்கிறார். கவிஞர் மிகைப்படுத்துவார், ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து எடுக்கமாட்டார் என்பதுதான் படித்த கிரேக்கரின் பொது நிலை. அற்புதத்தைக் கழித்துவிட்டால் அடியில் வரலாறு கிடைக்கும் என்று நினைத்தார்கள். அடியிலும் ஒன்றும் இல்லாமல் போகலாம் என்று நினைத்தவர் மிகக் குறைவு.

எபிடவ்ரோஸில் வழக்கமாக நடக்கும் தவறு, பேருந்தில் ஊர்ப்பெயரைப் பார்த்து இறங்குவது. பழைய எபிடவ்ரோஸ், புதிய எபிடவ்ரோஸ் இரண்டும் கடற்கரைப் பக்கத்து ஊர்கள். மருத்துவத் தெய்வம் அஸ்கிலீப்பியஸின் கோயிலும் பெரிய அரங்கமும் உள்ளே, லிகூரியோ பக்கம். நாஃப்பிலியோவிலிருந்து வரும் பேருந்துகளில் 'அரங்கம்' என்று கேட்டு ஏறுங்கள்.

அரங்கத்தில் காசு போட்டு ஒலி கேட்பதை எல்லோரும் செய்வார்கள். அதைவிட முக்கியமானவை சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டுப் பலகைகள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கோயில் நிர்வாகமே வெட்டிவைத்த குணமடைந்தோர் பட்டியல். நோயாளி குளித்துச் சுத்தமாகிப் பலி கொடுத்துவிட்டு இரவு கோயில் மண்டபத்தில் படுப்பார், தெய்வம் கனவில் வரும். கல்வெட்டுக்கு உள்ளேயே அவநம்பிக்கை இருக்கிறது. ஏதென்ஸ்காரி அம்ப்ரோசியா, ஒரு கண் பார்வை இல்லாதவள், நொண்டியும் குருடரும் கனவு கண்டே குணமானார்களா என்று சிரித்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றினாள். கனவில் தெய்வம் வந்து, குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமையின் நினைவாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வை என்றது. விரல்கள் மடங்கிப்போன ஒருவன் பலகைகளைப் படித்துவிட்டு ஏளனம் செய்தான். குணமாக்கியபின் தெய்வம் அவனுக்கு இட்ட பெயர் அபிஸ்டோஸ், 'நம்பாதவன்'. சுமைதூக்கி உடைத்த கிண்ணம்கூட ஒட்டியதாக ஒரு பதிவு.

நம்பாதவர்கள் வந்து நின்று படிப்பார்கள் என்று தெரிந்தே வெட்டிய கல்வெட்டு இது. எல்லோரும் கேள்வியில்லாமல் நம்பிய சமூகத்துக்கு இப்படிப் பலகை தேவைப்பட்டிருக்காது. நம்பாதவர்களும் வந்து படுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம்பிக்கை நுழைவுத் தகுதி அல்ல, பலியும் குளியலும்தான்.

ஐந்தாம் நாள்: லைக்கயோன்

மெகலோபோலியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு அனோ கரியெஸ் கிராமம் வழியாக ஏறுங்கள். சாலை குறுகல், வளைவுகளில் ஆடுகள். குதிரைப் பந்தயத் திடல் வரை கார் போகும். பிறகு 1,382 மீட்டர் உச்சியில் ஜீயஸின் பலிபீடம். கட்டடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் குவிந்த சாம்பலும் எரிந்த எலும்பும் சேர்ந்த மேடு அது. காலில் மிதிபடும் வெண் துணுக்குகளை எடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். கோடை மாலைகளில் இடியும் வரும், உச்சியில் நிற்காதீர்கள்.

அகழ்வாய்வில் கிடைத்தவை பெரும்பாலும் ஆடு, செம்மறிகளின் தொடை எலும்பு, முழங்கால் சில்லு, வால் எலும்பு. கறியை மனிதர் தின்றுவிட்டுக் கொழுப்பு சுற்றிய எலும்பைத் தெய்வத்துக்கு எரிப்பது வழக்கம். புரோமிதியஸ் ஜீயஸை ஏமாற்றியதால் வந்தது என்று கவிஞர் ஹெசியோட் காரணம் சொல்கிறார். 2016-இல் சாம்பலுக்குள் ஒரு பதின்வயதினரின் எலும்புக்கூடும் கிடைத்தது. நரபலி என்று செய்தித்தாள்கள் எழுதின. அதற்கு அந்த எலும்புகள் மட்டும் போதாது. ஆனால் இங்கே மனித இறைச்சி உண்டவன் ஓநாய் ஆவான் என்ற கதை பிளேட்டோ காலத்திலேயே இருந்தது.

குழந்தையைப் பலியிட்ட அரசன் லைக்காவோன் ஓநாயானதை நம்புகிறேன் என்று பவுசானியஸ் வெளிப்படையாக எழுதுகிறார். அந்தக் காலத்து மனிதர்கள் தெய்வங்களோடு ஒரே பந்தியில் உண்டவர்கள், நல்லதற்கும் கெட்டதற்கும் உடனே பலன் கிடைத்தது. ஆனால் இதே மலையில் ஓநாயாகி மீண்டு, ஒலிம்பியாவில் குத்துச்சண்டையில் வென்றதாகச் சொல்லும் டமார்க்கஸ் கதையை, வெற்றி தவிர மற்றது பொய் என்கிறார். அது நடந்திருந்தால் ஒலிம்பியா கல்வெட்டில் இருக்குமே என்பது வாதம். ஒரே மலை, ஒரே மாற்றம், ஒரே எழுத்தாளர். காலம் மட்டும் வேறு. தொல்காலத்தில் நடக்கலாம், கல்வெட்டுக் காலத்தில் நடக்காது. கிரேக்கக் கதைகளைக் கட்டுக்கதை என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன், ஆர்க்கேடியாவுக்கு (இந்த மலை இருக்கும் வட்டாரம்) வந்தபின் அவை ஞானிகள் புதிராகச் சொன்னவை என்று எண்ணம் மாறியது என்றும் இங்கேதான் சொல்கிறார்.

பலிபீடத்துக்குக் கீழே ஒரு தடைசெய்த வளாகம். உள்ளே போகும் மனிதருக்கும் மிருகத்துக்கும் நிழல் விழாது, மீறிப் போன மனிதர் ஓராண்டுக்குள் சாவார். வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ் இதை உண்மை என்றார். இப்படி எழுதுபவர் மழுங்கிய புத்திக்காரர் என்று திட்டினார் இன்னொரு வரலாற்றாசிரியர் பாலிபியஸ். உண்மை இல்லை, ஆனாலும் உறுதியாக நம்புகிறார்கள் என்று எழுதிவிட்டுக் காரணம் தேடினார் புளூட்டார்க். பவுசானியஸுக்கு எகிப்தின் தெற்கு எல்லையில் கோடையில் நிழல் மறைவது தெரியும். அங்கே சில நாள், இங்கே எப்போதும் என்று வித்தியாசம் எழுதிவைத்தார். இந்த மலையின் அட்சரேகையில் ஜூன் 21 அன்று சூரியன் உச்சத்துக்கு வரும்போதும், கோடை நேரக் கடிகாரத்தில் அது மதியம் ஒன்றரை, 170 செ.மீ. உயர ஆளுக்கு 42 செ.மீ. நிழல் விழும். துரத்திவந்த மிருகம் உள்ளே ஓடிவிட்டால் வேட்டைக்காரன் எல்லையிலேயே நின்றுவிடுவான் என்கிறார் பவுசானியஸ். உள்ளே கால் வைத்துத் தன் நிழலைக் குனிந்து பார்க்கும் வழி யாருக்கும் இல்லை. இப்போது தடை எதுவும் இல்லை, கார் நிறுத்தும் இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.